அப்பா விட்டுச் சென்ற ஆயில் வெல்டிங் செட்: சீரமைப்பதும் பற்றவைக்கப் பழகுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா பல்லடம் சாலையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிரில் பட்டறை நடத்தினார். அவர் மறைந்த பிறகு ஆறு ஆண்டுகள் பின்சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அவருடைய 300 ஆம்பியர் ஆயில் வெல்டிங் செட்டை எடைக்குப் போட மனம் வராமல் நானே பிரித்து, உலர்த்தி, மீண்டும் இயக்கினேன். அதிலேயே பற்றவைக்கவும் கற்றுக்கொண்டேன். அதைக் கேள்விப்பட்டு, தங்கள் வீட்டிலும் தாத்தாவின் செட்டோ மாமாவின் செட்டோ கிடப்பதாகச் சொல்லி என்னிடம் பலர் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மின்பொறியாளன் அல்லன். 415 வோல்ட் லைனைத் தொடும் எந்த வேலையையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை உடன் வைத்துக்கொண்டே செய்தேன்; நீங்களும் அப்படியே செய்ய வேண்டும்.

என்னிடம் இருப்பது என்ன வகை மிஷின் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொட்டி போன்ற இரும்புப் பெட்டி, கீழே நான்கு சக்கரங்கள், மேலே சுழற்றும் கைப்பிடி, பக்கவாட்டில் ஆம்பியர் காட்டும் முள், நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம் ஆகியவை இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெயில் மூழ்கிய ஏ.சி. வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர்தான். பக்கங்களில் காற்றுத் துளைகள் இருந்து உள்ளே காயில் (சுற்றிய கம்பிச் சுருள்) கண்ணுக்குத் தெரிந்தால் அது காற்றில் குளிரும் வகை. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: லைனிலிருந்து வரும் அதிக வோல்டேஜை எண்பது வோல்ட் அளவுக்கு இறக்கி, அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டித் தருவது. கைப்பிடியைச் சுழற்றும்போது உள்ளே ஓர் இரும்புக் கோர் நகர்ந்து காந்தப் பாதையை மாற்றுகிறது; ஆம்பியர் கூடுவதும் குறைவதும் அதனால்தான்.

பெயர்த் தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, உள்ளீட்டு வோல்டேஜ், எத்தனை ஃபேஸ், அதிகபட்ச ஆம்பியர், டியூட்டி சைக்கிள் ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் பற்றவைத்து, நான்கு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். 300 ஆம்பியரில் 60 சதவீதம் என்று போட்டிருக்கும் மிஷினை ஏறத்தாழ 230 ஆம்பியரில் ஓய்வே இல்லாமல் ஓட்டலாம். வீட்டு வேலைக்கு 130 ஆம்பியரைத் தாண்டுவது அரிது என்பதால், நல்ல நிலையில் உள்ள ஒரு பட்டறைச் செட் உங்கள் கையில் களைப்பே அறியாது.

உடனே லைன் கொடுத்து ஓடுகிறதா என்று பார்த்துவிடலாமா?

கூடாது. எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை இதுதான். நல்ல மிஷின்கள் கெடுவதும் இதனால்தான். பல ஆண்டுகள் சும்மா கிடந்த காயிலின் பருத்திச் சுற்றும் காகிதமும் மழைக்கால ஈரத்தை உறிஞ்சியிருக்கும். உலர்த்தினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய அந்தக் காயில், ஈரத்தோடு 415 வோல்ட்டைத் தாங்க முடியாமல் ஒரே நொடியில் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகிவிடலாம். அதைவிட மோசமானது, இன்சுலேஷன் விட்டுப்போன மிஷினின் வெளிப்பெட்டியே லைனாக மாறிவிடுவது. பிரித்துப் பார்த்து, மெக்கர் என்னும் இன்சுலேஷன் சோதனைக் கருவியை வைத்துச் சோதித்து, தேவையானால் உலர்த்தி, மறுபடியும் சோதித்த பிறகுதான் மின்சாரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஆயிலை என்ன செய்வது? பழைய ஆயிலையே வைத்துக்கொள்ளலாமா?

அடிப்பக்கத்து வடிகால் போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கண்ணாடிக் குவளையை முதலில் பிடியுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் உள்ளே ஈரம் இறங்கியிருந்தால் அதுதான் முதலில் வரும். எங்கள் செட்டில் போல்ட்டைத் தளர்த்தியதும் துருநிறத்தில் அரைக் குவளைத் தண்ணீர் வந்தது. அதன் பிறகு தேயிலைக் கஷாயம் போன்ற கரிய எண்ணெய் நூலாக இறங்கியது. மேல்மூடியின் ரப்பர் கேஸ்கெட் ஓரிடத்தில் விரலளவு பிளந்திருந்ததைப் பார்த்த பிறகுதான், அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது புரிந்தது.

எண்ணெயில் ஈரம் இருக்கிறதா என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. ஒரு தேக்கரண்டி எண்ணெயை இரும்புக் கரண்டியில் எடுத்து, திறந்த வெளியில், முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு சூடாக்கினால், ஈரம் உள்ள எண்ணெய் கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும். எண்ணெய் தீய்ந்த நாற்றம் அடித்தாலும், அடியில் களிம்பு போன்ற கசண்டு தங்கியிருந்தாலும் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். புது டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலையே ஊற்றுங்கள். இந்தியத் தர எண் 335 என்று டப்பாவில் இருக்க வேண்டும். வண்டி இன்ஜின் ஆயில், சமையல் எண்ணெய் என்று எதையும் மாற்றாக ஊற்றாதீர்கள். குறியீட்டுக் கோடு வரை மெதுவாக ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் வெளியேற ஓர் இரவு அப்படியே விட வேண்டும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டுவது பெருந்தவறு. கழிவு எண்ணெயை வாங்கும் உரிமம் பெற்றவர்களிடம் சேர்த்துவிடுங்கள். மிஷினோடு மிகப் பழைய கெப்பாசிட்டர் பெட்டி இணைந்திருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். பி.சி.பி. என்னும் நச்சுத் திரவத்தை அக்காலக் கெப்பாசிட்டர்களில் நிரப்பும் வழக்கம் இருந்தது. 2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்கச் சொன்ன பொருள்களில் அதுவும் ஒன்று.

மெக்கர் சோதனையை எப்படிச் செய்வது? எந்த அளவு இருந்தால் நல்லது?

மெக்கர் என்பது இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி. சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட்களில் அளப்பதால் இதற்குப் பயன்படாது; 500 வோல்ட் மெக்கர் வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் கடை எதிலும் அது இருக்கும், கேட்டால் வந்து பார்த்துக் கொடுப்பார்கள். லைனிலிருந்து முழுமையாகப் பிரித்த மிஷினில் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்: பிரைமரிக்கும் (லைன் வரும் காயில்) பெட்டிக்கும் இடையே, செகண்டரிக்கும் (வெல்டிங் மின்னோட்டம் தரும் காயில்) பெட்டிக்கும் இடையே, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே. பழுதுபார்த்த வெல்டிங் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் முதல் இரண்டுக்கும் 2.5 மெகா ஓம், மூன்றாவதற்கு 5 மெகா ஓம் கேட்கிறது. மூன்றாவதற்கு இரு மடங்கு கேட்பதற்குக் காரணம் உண்டு. பற்றவைக்கும்போது உருகும் கம்பியான ராடைப் பிடிக்கும் ஹோல்டர் செகண்டரியில்தான் இருக்கிறது; அந்த இடைச்சுவர் விட்டுப்போனால் 415 வோல்ட் நேராக உங்கள் கைக்கு வரும்.

மெக்கர் குறைவாகக் காட்டுகிறது. மிஷின் அவ்வளவுதானா?

பெரும்பாலும் இல்லை. ஈரம் வேறு, எரிந்துபோன காயில் வேறு. எங்கள் செட்டில் முதல் நாள் பிரைமரிக்கும் பெட்டிக்கும் இடையே 0.4 மெகா ஓம்தான் இருந்தது. ரீவைண்டிங் கடைக்காரர் காயிலை முகர்ந்து பார்த்து, தீய்ந்த வாடை இல்லை, வார்னிஷ் கருகவில்லை, உலர்த்திப் பார் என்றார்.

செயின் பிளாக் என்னும் சங்கிலிக் கப்பி கொண்டு கோரையும் காயிலையும் தொட்டியிலிருந்து தூக்கி, எண்ணெய் முழுக்க வடிய ஒரு நாள் தொங்கவிட்டோம். பிறகு தகரத் தடுப்புக்குள் வைத்து, கீழேயும் பக்கங்களிலும் 200 வாட் குண்டு பல்புகள் நான்கை, எண்ணெய் ஊறிய காயிலைத் தொடாத தூரத்தில் எரியவிட்டோம். ஈரக்காற்று வெளியேற மேலே ஒரு கையளவு இடைவெளி விட வேண்டும். காயிலின் சூடு 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தீயணைப்பான் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஆளில்லாமல் விட்டுச் செல்லக் கூடாது. இரவில் பல்புகளை அணைத்துவிட்டுக் காலையில் மீண்டும் தொடங்கினோம்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மெக்கர் வைத்தபோது முதல் நாள் அளவு ஏறுவதற்குப் பதிலாக 0.2-க்கு இறங்கியது. நான் கலங்கிப்போனேன். இது இயல்புதான் என்று பிறகு அறிந்தேன்: சூடேறும்போது இன்சுலேஷனின் தடை இயற்கையாகவே குறையும், உள்ளே ஒளிந்திருந்த ஈரமும் வெளியே வரும் வழியில் பரவும். ஈரம் வெளியேறத் தொடங்கியதும் முள் மெல்ல ஏறும். இரண்டாம் நாள் மாலையில் 1, மூன்றாம் நாள் 6, நான்காம் நாள் ஆறவிட்டுப் பார்த்தபோது 40 மெகா ஓம். அளவு இறங்கும் கட்டத்தில் பொறுமை இழந்து மிஷினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பழைய மிஷின்களில் டெர்மினல் பகுதியிலோ காயிலைச் சுற்றியோ சாம்பல் வெண்மையில் நார்நாராகப் பிரியும் துணி இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். காற்றடித்துச் சுத்தம் செய்யவோ பிய்க்கவோ வேண்டாம்.

காயில் உண்மையிலேயே எரிந்திருந்தால்?

முழு ரீவைண்டிங் செய்யலாம், ஆனால் அதன் செலவு பல நேரங்களில் எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் ஒரு புது சிறிய இன்வர்ட்டர் வெல்டிங் மிஷினின் விலையைத் தாண்டிவிடும். செம்புக் காயில் என்றால் பழைய செம்பின் எடைக்குரிய மதிப்பைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அலுமினியக் காயில் எரிந்திருந்தால் விட்டுவிடச் சொல்வேன். அப்பாவின் நினைவுக்கு அந்தப் பெயர்த் தகட்டை வைத்துக்கொள்ளலாம்.

கைப்பிடி சுழல மறுக்கிறது. மிஷின் ஓடும்போது அதிகமாக உறுமுகிறது.

கோரை நகர்த்தும் மரை துருப்பிடித்திருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, இரு திசையிலும் சிறிது சிறிதாக அசைத்து விடுவியுங்கள். குழாய் மாட்டி முறுக்கினால் மரை போய்விடும். உறுமல் மிகுதியாக இருந்தால் கோர் தகடுகளை இறுக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. நகரும் கோரின் வழிகாட்டிகளில் உள்ள ஸ்பிரிங் தேய்ந்திருந்தால், பற்றவைக்கும்போது அதிர்வில் கோர் தானாக நகர்ந்து ஆம்பியர் மாறிக்கொண்டே போகும். கையில்தான் கோளாறு என்று புதிதாகக் கற்பவர்கள் வருந்துவார்கள், கோளாறு அங்கே இருக்கும்.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறது. இதை ஓட்ட முடியுமா?

பழைய ஆயில் செட்டுகள் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் லைனின் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே, 415 வோல்ட்டில் ஓடுபவை. அதை 230 வோல்ட்டில் மாட்டினால், 80 வோல்ட் தர வேண்டிய செகண்டரி 44 வோல்ட்தான் தரும், ஆர்க் (ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறி) பிடிக்காது. 230 வோல்ட்டுக்கும் தனி டெர்மினல் உள்ள மிஷினாக இருந்தாலும் கணக்கைப் பாருங்கள்: வெளியே 120 ஆம்பியர் எடுத்தால், 80 வோல்ட் விகிதத்தில், 415 வோல்ட் லைனில் 23 ஆம்பியர் இழுக்கும், 230 வோல்ட்டில் அதுவே 42 ஆம்பியர் ஆகிவிடும். வீட்டில் ஏ.சி.க்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது, ஒயர் சுவருக்குள்ளேயே உருகும்.

ஆகவே மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு, எந்தக் கட்டணப் பிரிவில் இதற்கு இடமுண்டு என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். தோட்டத்து இலவச மின்சாரத்தில் வெல்டிங் செட்டை மாட்டுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. அது முறையும் அன்று, சட்டப்படி சரியும் அன்று. மிஷினுக்கென்று தனி இரட்டை முனை எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் நொடியில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து அடங்கும் என்பதால், வீட்டு விளக்குகளுக்குப் போடும் வகை தேவையின்றி விழும். ‘டி’ வகை நிற்கும்.

எர்த் கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள். எந்த எர்த்?

இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்பவர் குறைவு, ஆனால் எல்லோரும் கேட்க வேண்டியது இதுதான். நம் பட்டறைகளில் ‘எர்த்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்கு வைத்திருக்கிறோம். வேலைப் பொருளைக் கவ்வும் கிளாம்ப்பையும் எர்த் என்கிறோம், மிஷினின் பெட்டியிலிருந்து மண்ணுக்குப் போகும் பாதுகாப்புக் கம்பியையும் எர்த் என்கிறோம். முன்னது வெல்டிங் மின்னோட்டம் செகண்டரிக்குத் திரும்பும் பாதை, அது இல்லாமல் ஆர்க்கே பிடிக்காது. பின்னது காயில் பெட்டியைத் தொட்டுவிட்டால் உங்கள் உயிரைக் காப்பது. அது இல்லாவிட்டாலும் மிஷின் நன்றாகவே ஓடும். நன்றாக ஓடுவதால்தான் அதை யாரும் தேடுவதில்லை. எங்கள் அப்பாவின் செட்டில் அந்த இரண்டாவது கம்பி வெட்டிவிடப்பட்டு, முனை பச்சை படர்ந்து கிடந்தது. எத்தனை ஆண்டுகள் அவர் அப்படியே வேலை செய்தார் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

பெட்டியைத் தனி எர்த் குழியோடு தடித்த செம்புக் கம்பியால் இணையுங்கள். கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில், துருவும் பெயின்ட்டும் சுரண்டிய உலோகத்தில் கவ்வுங்கள். கட்டிடக் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டிவிட்டு வேறிடத்தில் பற்றவைத்தால், மின்னோட்டம் தனக்குக் கிடைத்த வழியில் போகும். இடையில் ஒரு பேரிங் இருந்தால் அதைச் சுட்டுவிட்டுப் போகும்.

முதல் முறை மின்சாரம் கொடுப்பது எப்படி?

ஹோல்டரும் கிளாம்ப்பும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியே தொங்கவிட்டு, எலக்ட்ரீசியன் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் (லைனில் தொடராக மாட்டும் சோதனை பல்பு) வழியாக 230 வோல்ட்டைப் பிரைமரிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். 200 வாட் பல்பு மங்கலாக எரிந்தால் நல்லது, முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். அதில் தேறிய பிறகு 415 வோல்ட் கொடுத்து, செகண்டரியில் வோல்டேஜ் அளந்து, பெயர்த் தகட்டோடு ஒப்பிடுங்கள். லோடு இல்லாமல் அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்திய பிறகு பெட்டியின் மேல் கைவைத்துப் பாருங்கள். ராடே பிடிக்காத நிலையில் நன்றாகச் சூடேறினால் சில சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆகியிருக்கின்றன.

பழைய கேபிள்களை மட்டும் பாசத்தால் வைத்துக்கொள்ள வேண்டாம். ரப்பர் வெடித்த கேபிளையும், தாடை உடைந்து செம்பு தெரியும் ஹோல்டரையும் மாற்றிவிடுங்கள். 150 ஆம்பியர் வரையான வேலைக்கு 35 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிள் தாராளம். முனைகளில் லக் என்னும் உலோக முனையை அழுத்திப் பிடிக்க வேண்டும், முறுக்கிக் கட்டினால் அந்த இடமே அடுப்பாகிவிடும்.

இவ்வளவு பாடு ஏன்? இன்வர்ட்டர் மிஷின் வாங்கிவிடலாமே?

வாங்கலாம். மாடிக்குத் தூக்கிப்போய் வேலை செய்ய வேண்டும், வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் என்றால் அதுவே சரியான முடிவு. ஒரு கையில் தூக்கலாம், ராடு ஒட்டினால் தானே விடுவிக்கும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டின் நன்மை வேறு. அதில் எலக்ட்ரானிக் போர்டு இல்லை, பட்டறைத் தூசியும் லைன் ஏற்ற இறக்கமும் அதைக் கொல்வதில்லை, பழுதானால் உங்கள் ஊர்க்காரரே சரிசெய்வார். ஏ.சி. ஆர்க் டி.சி.யைவிடப் பிடிக்கக் கடினமானது: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு மீள்கிறது, ஒவ்வொரு முறையும் ஆர்க் மறுபடி பிடிக்க வேண்டும். ராடின் மேல்பூச்சில் உள்ள பொட்டாசியம் போன்ற பொருள்கள்தான் அந்த இடைவெளியில் ஆர்க்கைத் தாங்குகின்றன. இதில் கை பழகியவருக்கு மற்ற மிஷின்கள் எளிதாக வசப்படும் என்பது என் அனுபவம்.

எந்த ராடு வாங்குவது? எத்தனை ஆம்பியர் வைப்பது?

6013 வாங்குங்கள். ஏ.சி.யில் எளிதாகப் பிடிக்கும், பற்றவைப்பின் மேல் படியும் கசடு சுலபமாகக் கழலும், எல்லாக் கடையிலும் கிடைக்கும். எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசை வலிமையைக் குறிக்கின்றன; அடுத்த 1, எல்லா நிலைகளிலும் பற்றவைக்கலாம் என்பதற்கு. கடையில் கேஜ் கணக்கில் கேட்பார்கள்: 12 நம்பர் என்றால் 2.5 மி.மீ., 10 நம்பர் என்றால் 3.15 மி.மீ., 8 நம்பர் என்றால் 4 மி.மீ. பழகுவதற்கு 6 மி.மீ. கனமுள்ள தகடும் 10 நம்பர் ராடும் ஏற்ற ஜோடி. 110 ஆம்பியரில் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். 12 நம்பர் ராடுக்கு 60 முதல் 90 வரை. மிஷினின் முள் காட்டும் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம்; கேபிளைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஒரு முறை அளந்து, சரியான இடங்களைப் பெயின்ட்டால் குறித்துவையுங்கள்.

7018 ராடு வலிமையானது, ஆனால் ஈரத்துக்குப் பகை. பாக்கெட் திறந்து கிடந்ததை 250 டிகிரிக்கு மேல் சுட்டு உலர்த்தாமல் பயன்படுத்தினால் பற்றவைப்பில் விரிசல் வரலாம். அதற்கான காலம் பிறகு வரும்.

ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

குத்துகிறீர்கள். தீக்குச்சியை உரசுவதுபோல் ராடின் நுனியைத் தகட்டில் இழுத்து, பொறி வந்ததும் சற்றே தூக்கி, உடனே ராடின் கனத்தளவு இடைவெளிக்கு இறக்குங்கள். ஒட்டிவிட்டால் மணிக்கட்டைப் பக்கவாட்டில் ஒடித்தாற்போல் திருப்பினால் விடும். விடாவிட்டால் ஹோல்டரிலிருந்து ராடை விடுவியுங்கள். ஆம்பியர் குறைவும், துருவின் மேல் கவ்விய கிளாம்ப்பும், ஈரமான ராடும் இதே தொல்லையைத் தரும். 6013 நமுத்திருந்தால் 100 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

ஆர்க் பிடிக்கிறது, ஆனால் பற்றவைப்பு புழுப் புழுவாக வருகிறது.

நீங்கள் ஒளியைப் பார்க்கிறீர்கள்; பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் உருகிக் கிடக்கும் குட்டையை. அந்தக் குட்டையில் இரண்டு திரவங்கள் இருக்கின்றன. உருகிய இரும்பு கண்ணாடிபோல் வழவழப்பாக, விளிம்பு தெளிவாக இருக்கும்; கசடு அதன் மேல் நெளிந்தபடி பின்னுக்கு ஒதுங்கும். இந்த இரண்டையும் பிரித்தறிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு மாலையில், கறுப்புக் கண்ணாடிக்குள், கசட்டுக்கு முன்னால் பிறை வடிவத்தில் இரும்பு நகர்ந்து போவது திடீரெனத் தெரிந்தது. அந்த ராடு முழுவதும் நேராக வந்தது. கசடு ராடை முந்திக்கொண்டு ஓடினால் சாய்வு தவறு அல்லது வேகம் குறைவு. ராடின் ஹோல்டர் பக்கத்தை நீங்கள் நகரும் திசை நோக்கி 15 டிகிரி அளவு சாய்த்து இழுத்துச் செல்லுங்கள். ராடு கரையக் கரைய ஹோல்டரையும் இறக்கிக்கொண்டே வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

காதும் உதவும். சரியான ஆர்க் வாணலியில் வடை வேகும்போது எழும் சீரான சலசலப்பைத் தரும். இடைவெளி கூடினால் ஒலி காற்றடைத்தாற்போல் மாறும், பொறிகள் தெறிக்கும், ஓரங்களில் தகடு அரிக்கப்பட்டுப் பள்ளம் விழும்.

எந்த வரிசையில் பழகுவது? தேறிவிட்டேன் என்று எப்படி அறிவது?

முதலில் தகட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அதன் மேல் நேராக ஓட்டுங்கள். ஒரு பாக்கெட் ராடு இதற்கே தீரட்டும். அடுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தகடு, பிறகு டி வடிவ மூலை, அதன் பிறகு இடைவெளி விட்ட நேர் இணைப்பு. எல்லாம் தரையில் கிடத்திய நிலையில். செங்குத்தாகக் கீழிருந்து மேலே ஏறுவதை அவசரப்பட்டுத் தொடாதீர்கள்.

சோதனைக்கு, டி வடிவ மூலையில் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, ஆறிய பின் வைஸில் பிடித்து, பற்றவைத்த பக்கம் நோக்கி மடியும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்து உடையுங்கள். உடைந்த இடத்தில் மூலை வரை உருகிய சாம்பல் நிறப் பொரபொரப்பு தெரிய வேண்டும். மூலையில் தகட்டின் வெட்டிய விளிம்பு அப்படியே தெரிந்தால், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒட்டவில்லை. அழகான மேல்பரப்பு பலரை ஏமாற்றும். உடைத்துப் பார்க்காமல் யாரும் தம்மைத் தேர்ந்தவராக எண்ண வேண்டாம்.

கண்ணுக்கும் உடலுக்கும் என்ன பாதுகாப்பு?

10 நம்பர் ராடுக்கு 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி வைத்த தலைக்கவசம் வேண்டும்; கையில் பிடிக்கும் மறைப்பைவிட இதுவே மேல். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டது அப்போதே தெரியாது. பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும். அப்பா அப்படிப் பல இரவுகள் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்று எதையும் கண்ணில் விடாமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். தெருவில் நின்று பார்க்கும் பிள்ளைகளுக்காக ஒரு தகரத் தடுப்பையும் வையுங்கள்.

புகையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. காற்றோட்டமான இடத்தில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று வேலை செய்யுங்கள். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சை இரு புறமும் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்; பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை.

80 வோல்ட் என்பது குறைந்த மின்சாரம் போலத் தோன்றும். வியர்வையில் நனைந்த உடலுக்கு அது போதும். ஈரமான, நாற்புறமும் இரும்பு சூழ்ந்த இடங்களில் ஏ.சி. செட்டுக்குச் சர்வதேசத் தரம் அனுமதிப்பது 48 வோல்ட்தான். ஆகவே தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி இந்த மிஷினில் பற்றவைக்காதீர்கள். காய்ந்த தோல் கையுறை, பருத்திச் சட்டை, மூடிய காலணி. லுங்கியும் செருப்பும் வேண்டாம்.

எவற்றைத் தொடவே கூடாது?

பெட்ரோல் டேங்க், காலி ஆயில் பீப்பாய், காஸ் சிலிண்டர் ஆகியவற்றை, கழுவியதாகச் சொன்னாலும் தொடாதீர்கள். பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த திரவத்தால் துடைத்த இரும்பையும் பற்றவைக்காதீர்கள், ஆர்க்கின் கதிரில் அதிலிருந்து நச்சுவாயு உண்டாகும். ஊஞ்சல் கொக்கி, ஏணி, வண்டி சேஸ் போன்றவை ஆள் உயிர் தொங்கும் வேலைகள். அவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

முறையாகக் கற்க எங்கே போவது?

அரசு ஐ.டி.ஐ.களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். திருச்சி பெல் நிறுவனத்தோடு 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சியும் தருகிறது. இரண்டும் இயலாதவர்கள், ஊரில் கைசுத்தமான ஒரு மேஸ்திரியிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவியாளாக நில்லுங்கள். ராடு எடுத்துக் கொடுப்பவரின் கண்ணுக்குத் தெரிவது எழுத்தில் வராது.

சீரமைத்த மிஷினை மழைக்காலத்தில் எப்படி வைத்திருப்பது?

தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளேயே வியர்க்கும். மேலே தகரக் கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்துவிடுவது நல்லது. மாதம் ஒரு முறையாவது லைன் கொடுத்துச் சற்று நேரம் ஓடவிட்டால் உள்ளே சூடு பரவி ஈரம் தங்காது. கேஸ்கெட்டையும் எண்ணெய் அளவையும் ஐப்பசி மழைக்கு முன்னும், மெக்கர் அளவை மழை முடிந்த பின் தை மாதத்திலும் பாருங்கள். அப்பாவின் கூலிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் எழுதாமல் இருந்தன; அவற்றில்தான் இந்த அளவுகளைத் தேதியோடு எழுதி வருகிறேன். சென்ற தையில் பிரைமரிக்கும் பெட்டிக்கும் இடையே 35 மெகா ஓம் இருந்தது.